ஏபிசியு: பிஹெச்பி கான்ஃபிக்கை நினைவகத்தில் வைக்க எவ்வளவு தூரம் நம்பலாம்?

பிஹெச்பியில் ஒரு ரிக்வெஸ்ட் முடிந்ததும் அதற்காக உருவான வேரியபிள்கள் அத்தனையும் அழிந்துவிடும். அடுத்த ரிக்வெஸ்ட் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மெமரி லீக் பற்றிப் பெரிதாகக் கவலைப்படாமல் பல வருடம் ஓடும் தளங்கள் பிஹெச்பியில் இருப்பதற்கு இதுதான் காரணம். ஆனால் விலையும் உண்டு. டேட்டாபேஸில் இருக்கும் செட்டிங்ஸ் டேபிளை ஒவ்வொரு பக்கத்துக்கும் படிக்க வேண்டும், யாம்ல் ஃபைலை ஒவ்வொரு முறையும் பார்ஸ் செய்ய வேண்டும், நாள் முழுக்க மாறாத முந்நூறு வரி கான்ஃபிக்கை ஒரு நொடியில் நூறு தடவை புதிதாகக் கட்ட வேண்டும். டேட்டாவை நினைவகத்தில் கேஷாக, அதாவது தற்காலிகப் பிரதியாக, வைத்து இந்த வீண்வேலையை நிறுத்துவதற்கென்றே இருக்கும் எக்ஸ்டென்ஷன்தான் ஏபிசியு.

இதன் முன்னோடியான பழைய ஏபிசி எக்ஸ்டென்ஷன் இரண்டு வேலை செய்தது: கம்பைல் ஆன கோடை வைத்துக்கொள்வது, நாம் கொடுக்கும் டேட்டாவை வைத்துக்கொள்வது. 2013-ல் வந்த பிஹெச்பி 5.5 முதல் வேலையை, தன்னோடேயே வரும் ஓபிகேஷ் என்ற எக்ஸ்டென்ஷனிடம் கொடுத்துவிட்டது. மிச்சமிருந்த இரண்டாவது வேலை மட்டும் தனியாகப் பிரிந்து ஏபிசியு ஆனது. பிஹெச்பி 7 முதல் இன்றுவரை 5.1 வரிசைதான். பழைய பெயரில் எழுதிய ஃபங்ஷன்களுக்கு பிஹெச்பி 7 காலத்தில் ஒரு இணைப்பு எக்ஸ்டென்ஷன் இருந்தது. பிஹெச்பி 8-க்கு அது கிடையாது, பெயர்களை மாற்றித்தான் ஆக வேண்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே மாறக்கூடியது, அளவில் சிறியது, தொலைந்தாலும் மறுபடி கட்டிக்கொள்ள முடிவது, ஒரே சர்வரின் எஃப்பிஎம்முக்குள் (பிஹெச்பி ப்ராசஸ்களை நடத்தும் மேலாளர்) மட்டும் தேவைப்படுவது. இந்த நான்கும் பொருந்தும் கான்ஃபிக்குக்கு ஏபிசியு அருமையான கருவி. நான்கில் ஒன்று தவறினாலும் வேறு இடம் பார்ப்பது நல்லது. இதைப் பற்றி வரும் குறைகளில் பெரும்பாலானவை, அந்த நான்கில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டதால் வருபவை.

நினைவகம் யாருடையது?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் மற்றதில் பாதி தானாகவே புரியும். எஃப்பிஎம் தொடங்கும்போது மாஸ்டர் ப்ராசஸ் ஒரு பகிர்வு நினைவகத் துண்டை ஒதுக்கிக்கொள்கிறது. அதன் பிறகு மாஸ்டரிலிருந்து ஃபோர்க் ஆகி ரிக்வெஸ்டுகளைக் கவனிக்கும் ஒவ்வொரு வொர்க்கர் ப்ராசஸும் அதே துண்டைப் பார்க்கிறது. ஒரு வொர்க்கர் எழுதியதை அடுத்த வொர்க்கர் படிக்கிறது. வொர்க்கர்கள் செத்து, புதியவை வந்தாலும் டேட்டா அப்படியே இருக்கும். ஆக, மேக்ஸ் ரிக்வெஸ்ட்ஸ் வரம்பை எட்டி வொர்க்கர் மாறுவதாலோ, ஆன்டிமாண்ட் முறையில் எல்லா வொர்க்கரும் சற்று நேரம் இல்லாமல் போவதாலோ எதுவும் போகாது.

மாஸ்டர் போனால் எல்லாம் போகும். ரீஸ்டார்ட்டில் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். எஃப்பிஎம்மில் ரீலோடு செய்தாலும் போகும் என்பதைத்தான் பலர் எதிர்பார்ப்பதில்லை. ரீலோடு சிக்னல் வந்ததும் மாஸ்டர் தன்னையே புதிதாக எக்ஸெக் செய்துகொள்கிறது, பழைய துண்டு கழன்றுவிடுகிறது. புதிய கோடை சர்வரில் ஏற்றும் டெப்ளாய் ஸ்கிரிப்டின் கடைசி வரியில் ரீலோடு இருந்தால், ஒவ்வொரு டெப்ளாய்க்குப் பிறகும் கேஷ் காலி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் சில நொடி டேட்டாபேஸ் அந்தச் சுமையைத் தாங்குமா என்பதைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

மாட் எஃப்சிஜிஐடி போன்ற அமைப்பில் ஒவ்வொரு பிஹெச்பி ப்ராசஸையும் வெப் சர்வர் தனித்தனியாகக் கிளப்பும். அங்கே ஆளுக்கொரு கேஷ், பகிர்வே இல்லை. ஒரு செட்டிங்கை மாற்றியபின் பக்கத்தைப் புதுப்பிக்கும்போதெல்லாம் பழையதும் புதியதும் மாறி மாறி வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

நிறுவலும் அமைப்பும்

பிஹெச்பி எக்ஸ்டென்ஷன்களின் கிடங்கான பெக்கிள் வழியாகவோ டிஸ்ட்ரிப்யூஷனின் பேக்கேஜ் வழியாகவோ நிறுவலாம். வேறு சர்வீஸ் எதையும் ஓட வைக்க வேண்டாம், போர்ட் திறக்க வேண்டாம், பாஸ்வேர்ட் வேண்டாம். இந்த எளிமைக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

நினைவக அளவின் டிஃபால்ட் 32 எம்பி. கான்ஃபிக்குக்கு மட்டும் என்றால் இது தாராளம். கூட்டுவதாக இருந்தால் எண்ணோடு எம் என்ற எழுத்தையும் சேர்த்து எழுதுங்கள். கன்டெய்னருக்குள் ஓடுபவர்களுக்கு ஒரு குறிப்பு: டாக்கர் பகிர்வு நினைவகக் கோப்பகத்துக்கு 64 எம்பிதான் டிஃபால்டாகத் தருகிறது. ஆனால் ஏபிசியு தன் டிஃபால்ட் அமைப்பில் அந்தக் கோப்பகத்தைத் தொடுவதில்லை, பெயரில்லாத எம்மேப் (ஃபைல் எதையும் சாராத நினைவக ஒதுக்கீடு) வழியாக இடம் எடுக்கிறது. எம்மேப் ஃபைல் மாஸ்க் அமைப்பை நீங்களாக மாற்றி அந்தக் கோப்பகத்துக்குத் திருப்பினால்தான் அந்த 64 எம்பி குறுக்கே வரும்.

படிப்பதும் எழுதுவதும்

மதிப்பைப் படிக்கும் ஃபெட்ச் ஃபங்ஷன், கேட்ட கீ (மதிப்புக்கு நாம் வைத்த பெயர்) கிடைக்காவிட்டால் ஃபால்ஸ் தருகிறது. கான்ஃபிக்கில் இது நேரடியான பொறி. "புதிய செக்அவுட் பக்கம்" என்ற ஃபீச்சர் ஃப்ளாகின் (ஒரு வசதியை இயக்கவோ அணைக்கவோ வைக்கும் செட்டிங்) மதிப்பே ஃபால்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோட் அதைப் படித்து, ஃபால்ஸைப் பார்த்து, கேஷில் இல்லை என்று நினைத்து டேட்டாபேஸுக்குப் போகும், அதே ஃபால்ஸை மறுபடி எழுதும். எங்கேயும் எரர் வராது, தளம் சரியாகவே ஓடும், கேஷ் மட்டும் பயனில்லாமல் கிடக்கும். ஃபெட்சின் இரண்டாவது ஆர்கியுமென்ட் ரெஃபரன்ஸாகக் கொடுக்கும் வேரியபிள். கீ கிடைத்ததா இல்லையா என்பதை அதில்தான் பார்க்க வேண்டும். எக்ஸிஸ்ட்ஸ் கேட்டுவிட்டு ஃபெட்ச் செய்வது தீர்வல்ல. இரண்டுக்கும் நடுவில் கீ காலாவதியாகலாம்.

அடுத்த கேள்வி, முழு கான்ஃபிக்கையும் ஒரே கீயில் வைப்பதா, செட்டிங்குக்கு ஒரு கீயா? ஏபிசியு ஒவ்வொரு ஃபெட்சிலும் மதிப்பைப் பகிர்வு நினைவகத்திலிருந்து வொர்க்கரின் சொந்த நினைவகத்துக்கு நகலெடுக்கிறது. ஐயாயிரம் உறுப்புள்ள அர்ரேயில் மூன்று மட்டும் தேவையென்றாலும் ஐயாயிரமும் நகலாகும். அதற்காகச் செட்டிங்குக்கு ஒரு கீ என்று போனால் வேறு ஆபத்து: கட்டணச் சேவையின் முகவரி புதியதாகவும் அதன் ரகசியக் கீ பழையதாகவும் ஒரே ரிக்வெஸ்டுக்குள் வந்து சேரலாம். ஒன்றாக மாறுபவை ஒரே கீயில் இருக்க வேண்டும் என்பதே சரியான பிரிப்பு. மின்னஞ்சல் அமைப்புகள் ஒரு கீ, கட்டணம் ஒரு கீ, ஃப்ளாகுகள் ஒரு கீ. ஒரு ரிக்வெஸ்டில் ஒருமுறை ஃபெட்ச் செய்து ஸ்டாட்டிக் வேரியபிளில் வைத்துக்கொண்டால் நகல் செலவு ஒருமுறையோடு முடிந்தது. லூப்புக்குள் ஃபெட்ச் எழுதிவிட்டு ஏபிசியு மெதுவாக இருக்கிறது என்பது அநியாயம்.

ஆப்ஜெக்டுகளை உள்ளே போடாதீர்கள். டெப்ளாயில் கிளாஸின் அமைப்பு மாறினாலும் கேஷில் இருப்பது பழைய உருவம்தான். அந்த கிளாஸ் லோடு ஆகாத இடத்தில் படித்தால் முழுமையற்ற கிளாஸ் ஒன்று கையில் வரும். குளோஷரை (பெயரில்லாத ஃபங்ஷனை) சீரியலைஸ் செய்யவே, அதாவது சேமிக்கும் வடிவத்துக்கு மாற்றவே, முடியாது. எண், எழுத்து, பூலியன், அவை அடங்கிய சாதாரண அர்ரே, இவற்றோடு நிறுத்திக்கொண்டால் தொல்லையில்லை.

காலாவதி: இங்கேதான் அதிகம் சறுக்குகிறது

எல்லோரும் முதலில் செய்வது, 60 நொடி டிடிஎல் (கீ உயிரோடிருக்கும் காலம்) கொடுத்து ஸ்டோர் செய்வது. 61-வது நொடியில் அந்தக் கீ இல்லை. அந்தக் கணத்தில் ஓடும் ஐம்பது வொர்க்கரும் ஒரே கேள்வியை டேட்டாபேஸிடம் கேட்கும். கேள்வி சின்னதென்றால் பரவாயில்லை, நான்கு டேபிளைச் சேர்க்கும் கனமான கேள்வி என்றால் நிமிடத்துக்கு ஒருமுறை கிராஃபில் முள் குத்திக்கொண்டு நிற்கும்.

இதற்கு ஏபிசியு தருவது என்ட்ரி ஃபங்ஷன். கீ இல்லையென்றால் நாம் கொடுக்கும் குளோஷரை ஒரே ஒரு வொர்க்கர் மட்டும் ஓட்டும், மற்றவை காத்திருக்கும். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் அது பிடிக்கும் பூட்டு அந்தக் கீக்கு மட்டுமல்ல, முழு கேஷுக்கும். குளோஷர் டேட்டாபேஸுக்காக மூன்று நொடி காத்திருந்தால், சம்பந்தமே இல்லாத கீயைப் படிக்க வரும் வொர்க்கரும் மூன்று நொடி நிற்கும். குளோஷருக்குள் வேறு ஏபிசியு ஃபங்ஷனைக் கூப்பிட்டால் பூட்டு தன்னையே மாட்டிக்கொள்ளும். உள்ளே பாதுகாப்பாகக் கூப்பிடக்கூடியது இன்னொரு என்ட்ரி மட்டும்தான். பூட்டைப் பிடித்திருக்கும் வொர்க்கரை நினைவகப் பற்றாக்குறையில் கெர்னல் கொன்றுவிட்டால் மற்ற வொர்க்கர்கள் வராத ஒருவருக்காகக் காத்து நிற்கும். எஃப்பிஎம்மை ரீஸ்டார்ட் செய்வதைத் தவிர வழியில்லை. ஆகவே லோக்கல் ஃபைலைப் படித்துக் கணக்கிடுவது போன்ற நொடியில் முடியும் வேலைக்கு என்ட்ரி சரி. நெட்வொர்க்கைத் தொடும் எதற்கும் வேண்டாம்.

நம்பிக்கையோடு பரிந்துரைக்கக்கூடிய முறை வேறு. மதிப்பை நேரடியாக வைக்காமல், டேட்டாவையும் "எப்போது புதுப்பிக்க வேண்டும்" என்ற நேரத்தையும் சேர்த்து ஒரு அர்ரேயாக வையுங்கள். கீயின் டிடிஎல் ஒரு மணி நேரம், உள்ளே எழுதும் புதுப்பிக்கும் நேரம் இப்போதிலிருந்து 60 நொடி. படிக்கும் வொர்க்கர் அந்த நேரம் தாண்டியதைக் கண்டால், பூட்டுக்கென ஒரு தனிக் கீயை ஆட் ஃபங்ஷனால் 10 நொடி டிடிஎல் கொடுத்து எழுத முயல வேண்டும். ஆட், கீ ஏற்கெனவே இருந்தால் எழுதாது. அதனால் ஒரே ஒரு வொர்க்கருக்குத்தான் ட்ரூ கிடைக்கும். அந்த வொர்க்கர் டேட்டாபேஸுக்குப் போய்ப் புதியதை எழுதும். மற்றவை கையிலிருக்கும் பழைய டேட்டாவோடு வேலையைத் தொடரும், யாரும் நிற்க வேண்டியதில்லை. புதுப்பிக்கும் வொர்க்கர் நடுவில் செத்தாலும் 10 நொடியில் பூட்டு தானே விலகும். இதில் கூடுதல் லாபம் ஒன்று உண்டு: டேட்டாபேஸ் கொஞ்ச நேரம் விழுந்தாலும் ஒரு மணி நேரம் வரை பழைய கான்ஃபிக்கில் தளம் உயிரோடிருக்கும். பதினைந்து வரி கோடில் கிடைக்கும் இந்த உறுதிக்காகவே ஏபிசியுவை விரும்பலாம்.

நிர்வாகி செட்டிங்கை மாற்றும்போது கேஷில் எழுதுவது டேட்டாபேஸ் கமிட்டுக்குப் பிறகுதான் நடக்க வேண்டும். முன்னாலேயே டெலீட் செய்துவிட்டால், கமிட் ஆவதற்குள் இன்னொரு வொர்க்கர் பழைய வரியைப் படித்து அதையே திரும்ப வைத்துவிடும். கமிட்டுக்குப் பிறகு எழுதினாலும், சற்று முன் பழையதைப் படித்த ஒரு வொர்க்கர் தாமதமாக வந்து மேலெழுத ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. 60 நொடிப் புதுப்பிப்பு அதைத் தானே சரிசெய்துவிடும். டிடிஎல் இல்லாமல் நிரந்தரமாக வைப்பவர்களுக்கு அந்தத் தவறும் நிரந்தரம்.

நினைவகம் நிரம்பினால்

இதுதான் ஏபிசியுவின் மிகப் பலவீனமான பகுதி. டிடிஎல் என்ற பொது அமைப்பின் டிஃபால்ட் பூஜ்யம். அந்த நிலையில் இடம் தீர்ந்தால் பழையதாகப் பார்த்து எடுக்காது, முழு கேஷையும் துடைத்துவிடும். பூஜ்யத்துக்கு மேல் ஒரு எண் வைத்தால் முதலில் காலாவதியானவற்றை எடுக்கும். அப்படியும் இடம் போதாவிட்டால் மறுபடி முழுத் துடைப்புதான்.

கான்ஃபிக் மட்டும் வைத்திருந்தால் இந்த நிலையே வராது. ஆனால் யாரோ ஒருவர் அதே ஏபிசியுவில் ஐபி முகவரிக்கு ஒரு கவுன்டர் வைத்து ரேட் லிமிட் எழுதுவார். ஒரு பாட் வந்து பல்லாயிரம் முகவரியிலிருந்து தட்டும். கவுன்டர்கள் இடத்தை நிரப்பும், கேஷ் துடைக்கப்படும், சேர்ந்து கான்ஃபிக்கும் போகும். டேட்டாபேஸ் ஏற்கெனவே திணறும் நேரத்தில் கான்ஃபிக் கேள்விகளும் அதன் தலையில் விழும். ஏபிசியுவில் தனித்தனி அறைகள் கிடையாது, இதற்கு இவ்வளவு அதற்கு அவ்வளவு என்று ஒதுக்க முடியாது. பயனருக்கு ஒன்று, ஐபிக்கு ஒன்று என்று எண்ணிக்கை வளர்ந்துகொண்டே போகும் கீ எதையும் இங்கே அனுமதிக்காதீர்கள்.

வெவ்வேறு அளவுள்ள மதிப்புகள் அடிக்கடி வந்து போனால் காலி இடம் சின்னச் சின்னத் துண்டுகளாகச் சிதறும். மொத்தத்தில் 10 எம்பி காலி என்று காட்டும், ஆனால் 500 கேபி அர்ரேக்குச் சேர்ந்தாற்போல் இடம் இருக்காது. கான்ஃபிக்கை முன்பு சொன்னதுபோல் குழுக்களாகப் பிரித்து வைத்தால் இந்தச் சிக்கலும் குறையும்.

கமாண்ட் லைனும் மற்ற பூல்களும்

குறித்த நேரத்தில் தானாக ஓடும் க்ரான் வேலை கான்ஃபிக்கை மாற்றிவிட்டு ஏபிசியுவைக் காலி செய்தது, ஆனால் தளம் பழையதையே காட்டுகிறது என்ற புகார் ஓயாமல் வருவது. கமாண்ட் லைன் பிஹெச்பி தனி ப்ராசஸ், தனி நினைவகம், முடிந்ததும் அழிந்துவிடும். டிஃபால்டாக அங்கே ஏபிசியு அணைந்தே இருக்கும். எனேபிள் சிஎல்ஐ-யை இயக்கினாலும் அது தன் கேஷைத்தான் காலி செய்யும், எஃப்பிஎம்முடையதைத் தொட முடியாது. சோதனைகள் ஓட்டுவதற்கு மட்டும்தான் அந்த அமைப்பு உதவும். எஃப்பிஎம்மின் கேஷை வெளியிலிருந்து காலி செய்ய வேண்டுமென்றால், லோக்கல் ஹோஸ்டுக்கு மட்டும் திறந்த ஒரு உள் முகவரியைக் கூப்பிடலாம், அல்லது எஃப்பிஎம் சாக்கெட்டோடு நேரடியாகப் பேசும் கேஷ்டூலைப் பயன்படுத்தலாம்.

ஒரே எஃப்பிஎம் மாஸ்டரின் கீழ் இருக்கும் எல்லாப் பூல்களும் (வொர்க்கர் குழுக்களும்) ஒரே ஏபிசியுவைப் பகிர்கின்றன, வேறு வேறு யூசரில் ஓடினாலும். ஸ்டேஜிங் என்ற சோதனைத் தளமும் ப்ரொடக்ஷன் என்ற உண்மைத் தளமும் ஒரே மெஷினில் இருந்து, இரண்டும் "டிபி கான்ஃபிக்" என்ற கீயைப் பயன்படுத்தினால், ப்ரொடக்ஷன் தளம் ஸ்டேஜிங் டேட்டாபேஸில் ஆர்டர்களை எழுதத் தொடங்கும். கீயின் முன்னால் தளத்தின் பெயர், சூழலின் பெயர், ரிலீஸ் எண் மூன்றையும் சேருங்கள். மோதலைத் தவிர்க்க இது போதும், ரகசியத்தைக் காக்கப் போதாது. இட்டரேட்டர் கிளாஸை வைத்து ஒரு பூல் மற்றொன்றின் கீகளையும் மதிப்புகளையும் வரிசையாகப் படித்துவிடலாம். ஒன்றையொன்று நம்பாத தளங்களுக்குத் தனித்தனி எஃப்பிஎம் மாஸ்டர் வேண்டும். முடியாவிட்டால் பாஸ்வேர்டை இதில் வைக்கக் கூடாது.

மாற்றுகள்

டெப்ளாய் செய்யும்போது மட்டும் மாறும் கான்ஃபிக்குக்கு ஏபிசியு தேவையே இல்லை. வெறும் மதிப்புகள் கொண்ட அர்ரேயை ரிட்டர்ன் செய்யும் ஒரு பிஹெச்பி ஃபைல் எழுதினால் ஓபிகேஷ் அதைப் பகிர்வு நினைவகத்தில் மாற்ற முடியாத அர்ரேயாக வைத்துக்கொள்கிறது. பிஹெச்பி 7 முதல் அதைப் படிக்க நகலெடுப்பதுகூட இல்லை. ஐயாயிரம் உறுப்பானாலும் இன்க்ளூட் செய்யும் செலவு மட்டும்தான். இந்த ஒரு விஷயத்தில் ஏபிசியு ஓபிகேஷுக்கு ஈடாகாது. லாராவெல் ஃப்ரேம்வொர்க்கின் கான்ஃபிக் கேஷ் கட்டளை செய்வதும் இதையேதான். ஃபைலைத் தற்காலிகப் பெயரில் எழுதிவிட்டு ரீனேம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பாதி எழுதிய ஃபைலை ஒரு வொர்க்கர் படித்துவிடும். டைம்ஸ்டாம்ப் சரிபார்ப்பை அணைத்திருந்தால் இன்வாலிடேட் ஃபங்ஷனையும் கூப்பிட வேண்டும்.

அப்படியானால் எல்லாவற்றையும் ஃபைலாகவே எழுதலாமே என்று தோன்றும். நிமிடத்துக்கொருமுறை மாறுவதற்கு அது ஆகாது. ஓபிகேஷ் பழைய பிரதியின் இடத்தைத் திரும்ப எடுப்பதில்லை, வீணான இடம் என்று குறித்துவைக்கும். அது டிஃபால்ட் வரம்பான 5 சதவீதத்தைத் தாண்டி, இடமும் தீர்ந்தால் கேஷ் முழுவதும் ரீஸ்டார்ட் ஆகும், தளத்தின் எல்லா கோடும் மறுபடி கம்பைல் ஆக வேண்டும். அடிக்கடி மாறுவதற்கு ஏபிசியு, எப்போதாவது மாறுவதற்கு ஓபிகேஷ் ஃபைல்.

சர்வர்கள் பல என்றால் ஏபிசியு ஒவ்வொன்றிலும் தனி. ஒன்றில் செய்த மாற்றம் மற்றதற்குத் தெரியாது. உண்மையான மதிப்பை, எல்லா சர்வரும் நெட்வொர்க் வழியாகப் பகிரும் ரெடிஸில் வைத்து, அதன் முன்னால் 5 முதல் 10 நொடிப் புதுப்பிப்போடு ஏபிசியுவை வைப்பது நல்ல கூட்டணி. ரிக்வெஸ்டுக்கு ஒரு நெட்வொர்க் பயணம் மிச்சமாகும், சர்வர்களுக்கிடையே வித்தியாசமும் பத்து நொடிக்கு மேல் நீடிக்காது. பத்து நொடி வித்தியாசம்கூடக் கூடாத கான்ஃபிக் என்றால், உதாரணமாக கட்டணத்தை உடனே நிறுத்தும் ஸ்விட்ச், அதை நேராக ரெடிஸிலேயே படியுங்கள்.

நிறுவிய பிறகு கண்காணிக்க, கேஷ் இன்ஃபோ ஃபங்ஷனுக்கு ட்ரூ கொடுத்துக் கூப்பிட்டால் கீகளின் முழுப் பட்டியல் இல்லாமல் சுருக்கம் மட்டும் வரும். அதில் முழுத் துடைப்பு எத்தனை முறை நடந்தது என்று காட்டும் எக்ஸ்பஞ்சஸ் என்ற எண்தான் முக்கியம், கான்ஃபிக்குக்கு மட்டும் பயன்படுத்தும் சர்வரில் அது பூஜ்யத்திலேயே நிற்க வேண்டும். ஏறினால் அளவைக் கூட்டுவதற்கு முன், யார் எந்தக் கீயை இவ்வளவு எழுதுகிறார்கள் என்று இட்டரேட்டரில் தேடுங்கள். சோர்ஸோடு வரும் ஏபிசி டாஷ்போர்டு ஃபைல் துண்டு துண்டான காலி இடத்தைப் படமாகவே காட்டும். அதைப் பொதுக் கோப்பகத்தில் விட்டுவைக்காதீர்கள், கேஷில் என்ன இருக்கிறது என்பதை அது திறந்தவர்களுக்கெல்லாம் காட்டும்.